கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலைகளும் மாறுநிலைப் பாதுகாப்பும்: கலன் வடிவமைப்பின் வரலாறு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அணு உலைகளில் எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளில், தொடர்வினை தற்செயலாகத் தொடங்கிவிடாமல் காப்பது மாறுநிலைப் பாதுகாப்பு எனப்படும். இப்பாதுகாப்பு பெரிதும் கலன்களின் வடிவத்தையே சார்ந்துள்ளது. கல்பாக்கத்தில் இயற்கை யுரேனிய எரிபொருளுக்கும் வேக ஈனுலை எரிபொருளுக்கும் எனத் தனித்தனி ஆலைகள் தோன்றியுள்ளன. எரிபொருளில் புளூட்டோனியத்தின் பங்கு கூடியபோது வடிவமைப்பின் சுமை ஆலையின் இறுதிக் கட்டத்திலிருந்து முதற்கட்டத்திற்கு எவ்வாறு நகர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உலக அளவில் நிகழ்ந்த விபத்துகளின் பாடங்களை இதனோடு ஒப்புநோக்கி, வடிவமைப்பு தரும் காப்பின் வலிமையையும் எல்லையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மாறுநிலை, புளூட்டோனியம், மறுசெயலாக்கம், கல்பாக்கம், வேக ஈனுலை, கலன் வடிவமைப்பு, டிராம்பே.

முன்னுரை

தமிழகத்தின் அணுத்தொழில் வரலாறு பெரும்பாலும் அணு உலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மின்னுற்பத்தியின் அளவு, உலைகள் இயங்கத் தொடங்கிய நாள், மக்கள் எழுப்பிய எதிர்ப்பு ஆகியவை அவ்வரலாற்றின் மையப் பொருள்களாக அமைந்தன. உலைக்கு அடுத்த கட்டமாகிய மறுசெயலாக்க ஆலை அதில் மிகக் குறைந்த இடத்தையே பெற்றுள்ளது. ஆயினும் அணு உலையில் வேண்டிப் பெறப்படும் தொடர்வினை, மறுசெயலாக்க ஆலையில் எந்நிலையிலும் நிகழக்கூடாத ஒன்றாகும். உலையில் அவ்வினையைத் தாங்குவதற்குத் தடித்த காப்புச் சுவரும், அதனை நிறுத்துவதற்குக் கட்டுப்பாட்டுத் தண்டுகளும் உண்டு. வேதியியல் ஆலையின் ஒரு கலனிலோ குழாயிலோ அவ்வினை தொடங்கிவிட்டால், நிறுத்துவதற்கென அங்கே தண்டு ஏதும் இல்லை. எனவே தொடங்கவே இயலாத வகையில் கலனை அமைப்பதுதான் வழி.

சென்னைக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கம் இவ்வழியின் வரலாற்றை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் அமைந்த இவ்வளாகத்தில் அனல்நிலை நியூட்ரான்களால் இயங்கும் உலைகளும், வேக நியூட்ரான்களால் இயங்கும் உலையும், இரு வகை எரிபொருளுக்குமான மறுசெயலாக்க ஆலைகளும் ஒருங்கே உள்ளன. பிரெஞ்சு ஆட்சியின் பிடியிலிருந்து புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962ஆம் ஆண்டிலாகும். அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின்னர், 1969இல், பிரெஞ்சு அணுசக்தி ஆணையத்துடன் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடே கல்பாக்கத்தின் வேக உலைக்கு அடித்தளமிட்டது. கரைக்கப்படும் எரிபொருளின் தன்மையை அவ்வுலையே தீர்மானித்தது; கலன்களின் அமைப்போ அத்தன்மையைப் பொறுத்தது.

1. மாறுநிலை: சொல்லும் பொருளும்

அணுக்கருப் பிளவு ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் சில அடுத்த பிளவை உண்டாக்குகின்றன. சில பிளவின்றி உறிஞ்சப்படுகின்றன. எஞ்சியவை பொருளின் புறப்பரப்பு வழியே வெளியேறுகின்றன. ஒரு தலைமுறை நியூட்ரான்கள் தம் எண்ணிக்கைக்குச் சமமான அடுத்த தலைமுறையைத் தோற்றுவிக்கும் நிலையே மாறுநிலை எனப்படும். அதற்குக் கீழே வினை தானாகவே தணிந்துவிடும். அதற்கு மேலே மிகக் குறுகிய நேரத்தில் பெருகும்.

தமிழகப் பாடநூல்களில் மாறுநிலை நிறை, மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலைக் கோணம் என ஒரே அடைமொழி பல துறைகளுக்கும் வழங்குகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கோணத்திற்கும் வெப்பநிலைக்கும் ‘அவதி’ என்னும் சொல்லை ஆள்கின்றன. அவதி என்பது எல்லை எனப் பொருள்படும் வடசொல்லாகும். மாறுநிலை என்னும் சொல் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றிற்கு மாறுவதைச் சுட்டுகிறது. அவதி என்னும் சொல் கடக்கக்கூடாத வரம்பைச் சுட்டுகிறது. உலை இயற்பியலுக்கு முன்னதும், ஆலைப் பாதுகாப்பிற்குப் பின்னதும் பொருத்தமாக அமைவது நோக்கத்தக்கது. உலையை இயக்குவோர் மாறுநிலையை அடைய முயல்கின்றனர். ஆலையை வடிவமைப்போர் அவதியிலிருந்து விலகி நிற்க முயல்கின்றனர். இக்கட்டுரை தமிழகத்தில் நிலைபெற்ற வழக்கைப் பின்பற்றி ‘மாறுநிலை’ என்னும் சொல்லையே ஆள்கிறது.

2. வடிவம் காக்கும் வகை

புதுச்சேரியின் வில்லியனூர்க் கொம்யூனை ஒட்டிய ஊசுட்டேரியும், தெற்கே பாகூர் ஏரியும் அப்பகுதி உழவர்கள் நன்கறிந்த நீர்நிலைகளாகும். ஒரே அளவு நீர் ஆழமான குளத்தில் நின்றால் நெடுநாள் நிலைக்கும்; ஆழமின்றிப் பரந்து கிடந்தால் வெயிலில் விரைவில் வற்றும். நீரின் அளவு ஒன்றாயினும், இழப்பு நிகழும் மேற்பரப்பு வேறுபடுவதே இதற்குக் காரணம். நியூட்ரான்களின் இழப்பும் இதனை ஒத்ததாகும். நியூட்ரான்கள் பொருளின் பருமனளவில் தோன்றுகின்றன. புறப்பரப்பின் வழியே வெளியேறுகின்றன. கோளவடிவில் பருமனளவை நோக்கப் புறப்பரப்பு மிகக் குறைவு. ஆதலால் அதுவே மாறுநிலைக்கு மிகவும் துணைசெய்யும் வடிவம். மெல்லிய நீள் உருளையிலும் மெல்லிய தட்டையான பெட்டியிலும் புறப்பரப்பு மிகுதி. அவற்றில் தோன்றும் நியூட்ரான்கள் அடுத்த பிளவை உண்டாக்குமுன் வெளியேறிவிடுகின்றன. உழவர்க்கு இழப்பாக முடிவது வடிவமைப்பாளருக்குக் காப்பாகிறது.

எண்கள் இதனைத் தெளிவாக்குகின்றன. பன்னாட்டளவில் எடுத்தாளப்படும் அமெரிக்கத் தரநிலையின்படி, சுற்றிலும் நீர் சூழ்ந்த நிலையில், புளூட்டோனியம் நைட்ரேட் கரைசலுக்கான பாதுகாப்பு வரம்பு 480 கிராம் புளூட்டோனியம் ஆகும். கரைசலின் பருமனளவு 7.3 லிட்டருக்குள் இருப்பினும் பாதுகாப்பானது. செறிவு லிட்டருக்கு 7.3 கிராமுக்குள் இருப்பினும் பாதுகாப்பானது. இவ்வரம்புகளுள் எதனையும் பேணாமல், எவ்வளவு கரைசலையும் எச்செறிவிலும் வைத்திருக்க வேண்டுமாயின், உருளையின் விட்டம் 15.4 சென்டிமீட்டருக்குள் அல்லது தட்டைக் கலனின் தடிமன் 5.5 சென்டிமீட்டருக்குள் அமைய வேண்டும்.

உலோக நிலையிலுள்ள புளூட்டோனியத்திற்கு இதே தரநிலை வகுக்கும் வரம்பு 5 கிலோகிராம். கரைசலில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்து, பிளவை உண்டாக்கும் வாய்ப்பைப் பன்மடங்கு கூட்டுவதே இதற்குக் காரணம். வேதியியல் முறையில் பிரித்தெடுப்பதற்கு எரிபொருளைக் கரைத்தாக வேண்டும். கரைத்தலோ அதனை மாறுநிலைக்கு நெருக்கமாகக் கொண்டு செல்கிறது. மறுசெயலாக்கத்தின் அடிப்படை முரண் இதுவே.

வடிவத்தைத் தவிர வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. நிறையை வரையறுத்தல், செறிவை வரையறுத்தல், போரான், காட்மியம், கடோலினியம் போன்ற நியூட்ரான் உறிஞ்சிகளைச் சேர்த்தல், கலன்களிடையே இடைவெளி விடுதல் ஆகியன அவை. நிறையையும் செறிவையும் ஒவ்வொரு முறையும் அளந்து உறுதிசெய்ய வேண்டும். கரையும் உறிஞ்சி வீழ்படிவாகப் பிரிந்துவிடாமல் காக்க வேண்டும். ஒருமுறை சரியாக அமைக்கப்பட்ட எஃகுக் கலனின் விட்டமோ பணியாளரின் களைப்பாலும் மறதியாலும் மாறுவதில்லை. வடிவக் கட்டுப்பாடு முதலிடம் பெறுவதற்கு இதுவே காரணம்.

3. விபத்துகள் கற்பித்தவை

இக்கோட்பாடு ஏட்டறிவால் மட்டும் உருவானதன்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க, ரஷ்ய வல்லுநர்கள் இணைந்து தொகுத்த லாஸ் அலமோஸ் அறிக்கை, ஆலைச் செயல்முறைகளில் நிகழ்ந்த 22 மாறுநிலை விபத்துகளைப் பதிவு செய்கிறது. அவற்றுள் 13 சோவியத் ஒன்றியம் மற்றும் ரஷ்யாவிலும், 7 அமெரிக்காவிலும், பிரிட்டனிலும் ஜப்பானிலும் ஒவ்வொன்றும் நிகழ்ந்தவை. இவ்விபத்துகளில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். 22இல் 21 விபத்துகள் கரைசல்களிலோ குழம்புகளிலோ நிகழ்ந்தவை. ஒன்று மட்டுமே உலோகத்தில் நிகழ்ந்தது.

1958 ஜனவரி 2ஆம் நாள் சோவியத் ஒன்றியத்தின் மாயக் வளாகத்தில், செறிவூட்டிய யுரேனியக் கரைசல் இருந்த சோதனைக் கலனைப் பணியாளர்கள் கைகளால் சாய்த்தனர். சாய்த்தபோது கரைசலின் வடிவம் மாறியது. நீர் மிகுந்த மனித உடல் வெளியேறும் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பும் எதிரொளிப்பானாகச் செயற்படக்கூடியது. கலனை ஏந்தி நின்றோரின் உடல்களே அவ்வாறு செயற்பட்டன. மூவர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் லாஸ் அலமோஸில், அகன்ற தொட்டியொன்றில் மிதந்த கரிமக் கரைப்பான் படலத்தில் 3 கிலோகிராமுக்கும் மேற்பட்ட புளூட்டோனியம் எவருமறியாமல் சேர்ந்திருந்தது. படலம் மெல்லியதாகப் பரந்திருந்தவரை வினை நிகழவில்லை. கலக்கி சுழலத் தொடங்கியதும் படலத்தின் வடிவம் மாறி மாறுநிலை கடந்தது. தொட்டியருகே நின்ற பணியாளர் இரண்டு நாள்களுக்குள் உயிரிழந்தார்.

1970 ஆகஸ்ட் 24ஆம் நாள் பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் ஆலையில் நிகழ்ந்தது வடிவமைப்பாளர்களுக்குத் தனிப்பாடமாக அமைந்தது. அங்கு ஓடிய நீர்க்கரைசலின் செறிவு லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் மட்டுமே. அதாவது வரம்பிற்குள் இருந்தது. ஆனால், பின்னோட்டத்தைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்ட வளைகுழாயின் காரணமாக, இடமாற்றக் கலனில் ஏறத்தாழ 40 லிட்டர் கரிமக் கரைப்பான் வெளியேற வழியின்றித் தங்கிவிட்டது. ஒவ்வொரு முறை நீர்க்கரைசல் கடந்து சென்றபோதும் சிறிதளவு புளூட்டோனியம் அக்கரைப்பானில் சேர்ந்தது. முடிவில் அதன் செறிவு லிட்டருக்கு 55 கிராம் அளவை எட்டியது. உயிரிழப்பு நேரவில்லை. ஆயினும், பாதுகாப்பிற்கென வைத்த ஓர் உறுப்பே விபத்திற்குக் காரணமானது என்பதும், அளந்து பார்க்கப்பட்ட ஓட்டத்தில் அன்றி எவரும் நோக்காத தேக்கத்திலேயே ஆபத்து வளர்ந்தது என்பதும் தெளிவாயின.

1999 செப்டம்பர் 30ஆம் நாள் ஜப்பானின் டோக்காய்முராவில், 18.8 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியக் கரைசலுக்கெனக் குறுகிய கலன் இருந்தும், பணியை விரைந்து முடிப்பதற்காக அகன்ற வீழ்படிவுத் தொட்டியில் கரைசல் ஊற்றப்பட்டது. தொட்டியைச் சூழ்ந்திருந்த குளிர்நீர் உறை எதிரொளிப்பானாகச் செயற்பட்டு வினையை நீட்டித்தது. வினை ஏறத்தாழ 20 மணி நேரம் தொடர்ந்தது. அவ்வுறையின் நீரை வெளியேற்றிய பின்னரே தணிந்தது. பணியாளர் இருவர் இறந்தனர். பாதுகாப்பான கலன் ஒன்று இருப்பது மட்டும் போதாது. பாதுகாப்பற்ற கலன் அதே அறையில் இருக்கும்வரை ஆபத்தும் இருக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இத்தகைய அனுபவங்களிலிருந்து ‘இரட்டைத் தற்செயல்’ கோட்பாடு வலுப்பெற்றது. ஒன்றையொன்று சாராத, நிகழ வாய்ப்புக் குறைந்த குறைந்தது இரு மாறுதல்கள் ஒருசேர நிகழ்ந்தாலன்றி மாறுநிலை விபத்து நேரக்கூடாத வகையில் செயல்முறை அமைய வேண்டும் என்பதே அக்கோட்பாடு.

4. டிராம்பே முதல் கல்பாக்கம் வரை

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடைபெற்ற அணுசக்தியின் ஆக்கப் பயன்பாடு குறித்த ஐ.நா. மாநாட்டிற்கு ஹோமி பாபா தலைமை வகித்தார். அதுவரை மறைபொருளாக இருந்த கரைப்பான் பிரித்தெடுப்பு முறைகள் அம்மாநாட்டில் வெளிப்படையாகப் பேசப்பட்டன. டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்னும் கரைப்பானைப் பயன்படுத்தும் புரெக்ஸ் முறையை அடிப்படையாகக் கொண்டு டிராம்பேயில் புளூட்டோனிய ஆலை அமைப்பதென 1958இல் முடிவெடுக்கப்பட்டது. ஹோமி சேத்னாவின் பொறுப்பில் 1961இல் கட்டுமானம் தொடங்கி, 1964இல் ஆலை இயங்கத் தொடங்கியது. 1965 ஜனவரி 22ஆம் நாள் அன்றைய தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதனைத் தொடங்கி வைத்தார். அடுத்து, தாராப்பூரில் இரண்டாவது மறுசெயலாக்க ஆலை எழுந்தது.

மாறுநிலை பற்றிய இந்திய அறிவு ஆலைகளிலிருந்து மட்டும் பெறப்பட்டதன்று. டிராம்பேயில் 1972 மே மாதத்தில் பூர்ணிமா என்னும் புளூட்டோனிய ஆக்சைடு உலை மாறுநிலை அடைந்தது. 1984இல் பூர்ணிமா-2 யுரேனியம்-233 நைட்ரேட் கரைசலைக் கொண்டே இயங்கியது. எந்தக் கரைசல் நிலை ஆலையில் தவிர்க்கப்பட வேண்டுமோ, அதே நிலையைக் கட்டுப்பாட்டுடன் உண்டாக்கி அளந்தறிய அது வாய்ப்பளித்தது.

இவ்வழியில் உருவான காமினி என்னும் சிற்றுலை கல்பாக்கத்தில் 1996 அக்டோபர் 29ஆம் நாள் மாறுநிலை அடைந்தது. அதன் ஆற்றல் 30 கிலோவாட். எரிபொருள் ஏறத்தாழ 600 கிராம் யுரேனியம்-233. இத்துணைச் சிறிய அளவில் உலை இயங்குவதற்குக் காரணம், நீர் தணிப்பானாகவும் பெரிலியம் ஆக்சைடு எதிரொளிப்பானாகவும் எரிபொருளைச் சூழ்ந்திருப்பதே. அரைக் கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த பிளவுறு பொருள், நீரும் எதிரொளிப்பானும் தக்கவாறு அமைந்தால், தொடர்வினையை நிலைநிறுத்தும் என்பதற்கு அதே வளாகத்தில் உள்ள கண்கூடான சான்று காமினியாகும். உலையில் திறமையாக விளங்கும் அமைப்பு ஆலையில் பிழையாகிறது.

5. எரிபொருள் மாறியபோது

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இல் மாறுநிலை அடைந்தது. இயற்கை யுரேனியத்தை எரிக்கும் அவ்வுலைகளின் எரிபொருளைக் கையாள, ஆண்டுக்கு 100 டன் கொள்திறனுடன் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலை 1990களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. இத்தகைய எரிந்த எரிபொருளில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 3.5 முதல் 4 கிராம் வரை மட்டுமே புளூட்டோனியம் உண்டு. 480 கிராம் என்னும் வரம்பை எட்டுவதற்கு 120 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எரிபொருளைக் கரைக்க வேண்டும். அப்போதும் உடனிருக்கும் யுரேனியம்-238 நியூட்ரான்களை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே எரிபொருளை நறுக்கிக் கரைக்கும் முதற்கட்டத்தில் மாறுநிலை பெருங்கவலையன்று. யுரேனியம் பிரிக்கப்பட்டுப் புளூட்டோனியம் தனித்துச் செறியும் இறுதிக் கட்டத்தில்தான் வடிவக் கட்டுப்பாடு இன்றியமையாததாகிறது.

வேக ஈனுலைச் சோதனை உலையின் கதை வேறு. பிரான்சின் கதராஷில் இருந்த ராப்சோடி உலையைத் தழுவி அது வடிவமைக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டின் பொக்ரான் அணுவெடிச் சோதனைக்குப் பின்னர்ச் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கும் வழி அடைபட்டது. கைவசமிருந்த புளூட்டோனியத்தை மிகுதியாகக் கொண்ட கார்பைடு எரிபொருளை உருவாக்குவதே எஞ்சிய வழி. 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடும் 30 விழுக்காடு யுரேனியம் கார்பைடும் கலந்த எரிபொருளுடன் அவ்வுலை 1985 அக்டோபர் 18ஆம் நாள் மாறுநிலை அடைந்தது.

இம்முடிவின் விளைவு மறுசெயலாக்க ஆலையின் வாயிலில் வெளிப்பட்டது. இவ்வகைப் புத்தெரிபொருள் ஒரு கிலோகிராமில் 650 கிராமுக்கும் மேற்பட்ட புளூட்டோனியம் அடங்கும். முழுவதையும் புளூட்டோனியம்-239 எனக் கொண்டு கணக்கிட்டால், முக்கால் கிலோகிராமுக்கும் குறைவான எரிபொருள் 480 கிராம் வரம்பை எட்டிவிடும். முன்மாதிரி வேக ஈனுலைக்கு வகுக்கப்பட்ட, 21 மற்றும் 28 விழுக்காடு புளூட்டோனியம் ஆக்சைடு கொண்ட எரிபொருளிலும் இரண்டு முதல் மூன்று கிலோகிராமுக்குள் வரம்பு வந்துவிடுகிறது. முன்னது 120 கிலோகிராமைத் தாண்டிச் சந்தித்த எல்லையைப் பின்னது முதற்படியிலேயே சந்திக்கிறது. இதனால் கரைக்கும் கலன் முதல் இறுதிக் கலன் வரை அனைத்தும் மாறுநிலை நோக்கில் வடிவமைக்கப்பட வேண்டியதாயிற்று.

இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அமைத்த கோரல் என்னும் ஆலை, ஈயக் காப்பறைகளுக்குள் அடங்கிய சிறுவடிவ ஆலையாகும். 2003ஆம் ஆண்டு முதல் அது வேக உலையின் கார்பைடு எரிபொருளைக் கையாண்டு வருகிறது. ஒரு டன்னுக்கு 25 ஜிகாவாட்-நாள் அளவு எரிந்த எரிபொருளில் தொடங்கிப் படிப்படியாக 155 ஜிகாவாட்-நாள் வரை எரிந்ததையும் அது மறுசெயலாக்கம் செய்தது. அங்கு எரிபொருள் தண்டுகள் ஒவ்வொன்றாக நறுக்கப்படுகின்றன. இயற்கை யுரேனிய ஆலையில் பெரும் கற்றைகளை ஒருங்கே நறுக்குவது சிக்கனமாக இருக்கலாம். இங்கோ ஒரே நேரத்தில் கலனில் சேரும் புளூட்டோனியத்தின் அளவே முதன்மைக் கணக்காகும். சோதனை ஆலையில் பெற்ற இவ்வனுபவத்தின் மேல் எழுந்த வேக உலை எரிபொருள் மறுசெயலாக்கச் செயல்விளக்க ஆலை 2024 ஜனவரி 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

6. கலன்களின் இலக்கணம்

புளூட்டோனியக் கரைசலுக்கான கலன்கள் மூன்று பொதுவடிவங்களில் அமைகின்றன. முதலாவது, நீண்ட குறுகிய உருளை. இரண்டாவது, இரு தகடுகளுக்கிடையே கரைசலைப் பரப்பும் தட்டைக் கலன். மூன்றாவது, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு உருளைகளின் இடைவெளியில் கரைசலைக் கொள்ளும் வளையக் கலன். வளையக் கலனின் நடுவெற்றிடத்தில் நியூட்ரான் உறிஞ்சியை வைக்கலாம் என்பதால் குறைந்த இடத்தில் மிகுந்த கொள்ளளவு கிடைக்கிறது. தட்டைக் கலனுக்கு ஒரு குறை உண்டு. கரைசலின் எடையால் தகடுகள் புடைத்தால் தடிமன் கூடும், 5.5 சென்டிமீட்டர் என்னும் வரம்பில் ஒரு சென்டிமீட்டர்ப் புடைப்பும் பொருட்படுத்தத்தக்கது. ஆதலால் இடையிடையே இணைப்புக் கட்டைகள் வைத்துத் தகடுகள் இறுக்கப்படுகின்றன. நைட்ரிக் அமிலத்தின் அரிப்பால் சுவர் மெலிந்தாலும் உள்விட்டம் கூடும். அதனையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

கலன் கசிந்தால் கரைசல் எங்கே செல்லும் என்பதும் வடிவமைப்பின் பகுதியே. அறையின் தரையில் குழி இருந்தால் அக்குழியே பாதுகாப்பற்ற கலனாகிவிடும். எனவே கசிவு ஆழமின்றிப் பரவும் வகையில் தட்டையான ஏந்துதட்டு அமைக்கப்படுகிறது. நீர்க்குழாய்களையும் குளிர்நீர் உறைகளையும் கலன்களினருகே இயன்றவரை தவிர்ப்பதும் இதே நோக்கில் எழுந்ததாகும்.

வேதியியல் மாற்றங்கள் வடிவத்தின் காப்பை மீறக்கூடிய இடங்கள் தனிக்கவனம் பெற்றன. அமிலத்தன்மை குறைந்தால் நான்கு இணைதிறனுடைய புளூட்டோனியம் பல்லுருத் திரளாக மாறிப் படிகிறது; படிவு ஓரிடத்தில் குவிந்தால் செறிவுக் கணக்கு பொய்த்துவிடும். கரிமக் கரைப்பானில் புளூட்டோனியம் அளவுக்கு மீறி ஏறினால் கரைப்பான் இரண்டாகப் பிரிந்து, புளூட்டோனியம் செறிந்த கனமான அடுக்கு ஒன்று உருவாகிறது. இது மூன்றாம் நிலைமை எனப்படுகிறது. இயற்கை யுரேனிய ஆலையில் அரிதான இச்சிக்கல், வேக உலை எரிபொருளில் நடைமுறைச் சிக்கலாகிறது. எந்த வெப்பநிலையில், எந்த அமிலச் செறிவில் மூன்றாம் நிலைமை தோன்றும் என்பது பற்றியும், அதற்கு எளிதில் இடந்தராத டிரை-ஐசோஅமைல் பாஸ்பேட் போன்ற மாற்றுக் கரைப்பான்கள் பற்றியும் கல்பாக்க வேதியியலாளர்கள் விரிவான ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர்.

கோரல் ஆலையில் பயன்படும் மையவிலக்குப் பிரித்தெடுப்பான்களும் இவ்வரலாற்றில் இடம்பெறத்தக்கவை. மிகுதியாக எரிந்த எரிபொருளின் கதிர்வீச்சு கரைப்பானைச் சிதைக்கும் என்பதால், இரு திரவங்களும் மிகக் குறைந்த நேரமே தொடர்பில் இருக்க வேண்டும். மையவிலக்குக் கருவி நொடிகளில் அவற்றைக் கலந்து பிரிக்கிறது. அதன் உட்கொள்ளளவு சிறிதாதலால் எந்நேரமும் கருவியில் தங்கும் புளூட்டோனியமும் குறைவு. கரைப்பானைக் காக்க வந்த கருவி மாறுநிலைப் பாதுகாப்பிற்கும் துணையாயிற்று.

7. வடிவத்தின் எல்லை

வடிவமைக்கப்பட்ட கலனில் உள்ளவரை வடிவம் காக்கும். எதிர்பாராத கலனுக்குப் பொருள் சென்றுவிட்டால் அக்காப்பு நீங்கும். விண்ட்ஸ்கேலும் டோக்காய்முராவும் இதனையே காட்டின. கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் 2003 ஜனவரி 21ஆம் நாள் நிகழ்ந்தது மாறுநிலை விபத்தன்று. ஆயினும் இக்கோணத்தில் அதுவும் கருதத்தக்கது. கழிவுத் தொட்டிப் பகுதியில் வால்வு ஒன்றின் பழுதால் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு, அது இருக்கக்கூடாத தொட்டியைச் சென்றடைந்திருந்தது. தாழ்நிலைக் கழிவு எனக் கருதி மாதிரி எடுத்துக் கையாண்ட நிலையில், ஊழியர் அறுவர் ஆண்டு வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். இச்செய்தி அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே பொதுவெளியில் பரவலாக அறியப்பட்டது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்னும் நம்பிக்கைக்கும் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதற்கும் இடையேயான வேறுபாடே இந்நிகழ்விற்கும் மாறுநிலை விபத்துகளுக்கும் பொதுவான வேராகும்.

ஒழுங்குமுறை அமைப்பின் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நிறுவப்பட்டது. 2000ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிறுவல்கள் அவ்வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டு, அம்மையத்தின் உள்ளமைப்பான பாதுகாப்புக் குழுவின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அம்மையத்தைச் சேர்ந்த கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையும் இம்மாற்றத்திற்கு உட்பட்டது. இந்திரா காந்தி மையத்தின் கோரல் வாரியத்தின்கீழேயே நீடித்தது. ஒரே வளாகத்தில், ஒரே இயற்பியல் விதிக்குக் கட்டுப்பட்ட இரு ஆலைகள் இருவேறு மேற்பார்வைகளின்கீழ் அமைந்தன. எதிர்பாராத தேக்கத்தைக் கண்டறிவதற்கு வெளியாரின் கண் வேண்டும் என்பது விபத்துகளின் வரலாறு உணர்த்தும் உண்மை. அந்நோக்கில், உள்ளமைப்பு ஒன்றே தன் ஆலையை ஆராயும் ஏற்பாடு வினாவுக்குரியதாகிறது.

முடிவுரை

கல்பாக்கத்தின் மறுசெயலாக்க வரலாறு, எரிபொருள் பற்றிய முடிவு கலனின் வடிவத்தை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதைக் காட்டுகிறது. 1974க்குப் பிந்தைய சூழலில் கார்பைடு எரிபொருள் தேர்ந்தெடுக்கப்பட்டது உலையின் தேவை கருதியே. அதன் விளைவாக, ஆலையின் இறுதிக் கட்டத்திற்கே பெரிதும் உரியதாயிருந்த மாறுநிலைக் கவலை அதன் வாயிலுக்கே வந்து சேர்ந்தது. தண்டுகளை ஒவ்வொன்றாக நறுக்குதல், சிறு கொள்ளளவுடைய மையவிலக்குக் கருவிகள், மூன்றாம் நிலைமை பற்றிய ஆய்வுகள் ஆகியவற்றை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

மனிதரின் விழிப்பைவிட எஃகின் விட்டம் நம்பத்தக்கது என்பது இத்துறையின் முதற்பாடம். எனினும் அந்த எஃகை அளந்து வைத்தவர்களின் காரணங்கள் அடுத்த தலைமுறைப் பணியாளர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் பாடம். டோக்காய்முராவில் குறுகிய கலன் இருந்தது. அது ஏன் குறுகியதாக உள்ளது என்னும் அறிவு பணியாளர்களைச் சென்றடையவில்லை. வேக உலை எரிபொருளின் அளவு கிலோகிராம்களிலிருந்து டன்களை நோக்கி வளரும் இக்காலத்தில், அவ்வறிவைப் பணியாளர்களும் சுற்றுப்புற மக்களும் தம் மொழியில் பெறுவது பாதுகாப்பின் ஒரு கூறாகும். மாறுநிலை குறித்த தமிழ்க் கலைச்சொற்கள் பாடநூலின் உலை வரைபடத்தோடு நின்றுவிட்டன. ஆலையின் கலன்களையும் குழாய்களையும் விளக்கும் அளவிற்கு அவற்றை விரிப்பது தமிழாய்வுலகின் முன்னுள்ள பணியாகும்.